ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள்

சர்வேயராக இருந்து ஓய்வு பெற்ற ஞானசிகாமணிக்கு வேதம் கற்றுக்கொடுத்தவர் சுகிர்தம் டீச்சர். டீச்சர் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் டீச்சர் சொல்லாமல் அவர் ஒரு வசனத்துக்கும் பொருள் எழுதமாட்டார்.

ஒரு காரியத்தில் மட்டும் அந்த வழக்கம் தவறியது. இரண்டு வருஷம் பைபிளின் தீர்க்கதரிசனங்களைத் தனியாக ஆராய்ந்து, அவற்றில் வரும் கொம்புகளையும் முத்திரைகளையும் நாட்களாக மாற்றி, ஆண்டவர் திரும்பி வரும் தேதியைக் கண்டுபிடித்திருந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை. ஜெபக்கூட்டத்தில் பதினேழு குடும்பங்களுக்கு அதை அறிவித்த பிறகுதான், புதன்கிழமை மதியம், நோட்டை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் வந்தார்.

டீச்சர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். அரைமணி நேரம் ஆயிற்று.

"பிழை இருக்கா டீச்சர்?"

"கூட்டல் சரியா இருக்கு அண்ணாச்சி."

அவர் முகம் மலர்வதற்குள் வாசலில் ரூபி வந்து நின்றாள். ஜெபக்கூட்டத்துக்கு வரும் பாக்கியத்தாயின் மகள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, காலில் புண். காலையில்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் இரண்டு விரல்களை எடுக்கவேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் வரும்போது எதற்கு அறுக்கவேண்டும் என்கிறாள்.

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க அண்ணாச்சி."

வழியெல்லாம் ஞானசிகாமணி பேசிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று தான் ஒருவருக்கும் சொல்லவில்லை என்றார். விசுவாசம் ஆளுக்கு ஆள் ஒருவிதமாக வேலை செய்யும் என்றார். டீச்சரின் நடை வேகமாகியது.

பாக்கியத்தாய் தலைக்குக் குளித்து வெள்ளைச் சேலை கட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண்களில் காய்ச்சல் தெரிந்தது. ஞானசிகாமணியைக் கண்டதும் கும்பிட்டாள்.

"ரெண்டு காலோட அவர் முன்னால நிக்கணும்யா" என்றாள்.

டீச்சர் ஞானசிகாமணியிடம், அவள் காலில் இருந்த கட்டைப் பிரிக்கச் சொன்னார்.

"நானா?"

"நீங்கதான்."

அவர் தரையில் உட்கார்ந்து பிரித்தார். வாடை முகத்தில் அடித்தது. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. சிவப்பு, பாதத்தின் மேல் ஏறியிருந்தது. கணுக்காலுக்குக் கீழே நீலப் பேனாவால் ஒரு கோடு. அது என்னவென்று ரூபியிடம் கேட்டார். சிவப்பு எதுவரைக்கும் இருக்கிறது என்று நர்ஸ் போட்ட அடையாளம், காலையில் பத்து மணிக்கு, என்றாள்.

சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை மேலே போயிருந்தது.

ஞானசிகாமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று. எல்லைக்கோடுகளைப் பார்த்தே முப்பத்தொரு வருஷம் சம்பளம் வாங்கியவர். ஐந்து மணி நேரத்தில் இவ்வளவு என்றால் வியாழன் காலையில் எங்கே, சனிக்கிழமை எங்கே என்று மனம் தானாகவே போட்டுப் பார்த்தது.

பாக்கியத்தாய் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை உறுதிதானய்யா?"

அவர் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

"அன்னைக்கு எழுந்து நின்னு சொன்னீங்களே."

"தெரிஞ்சுக்கணும்னு ஆசை. அந்த ஆசையைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

பாக்கியத்தாய் வெகுநேரம் அவரையே பார்த்தாள். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஞானசிகாமணி ரூபியை ஆட்டோவுக்கு அனுப்பினார். அது வந்ததும், தன் தோளைப் பிடித்துக்கொள்ளும்படி பாக்கியத்தாயிடம் கெஞ்சினார். அவள் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

டாக்டர்கள் மறுநாளுக்குக் காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே மூன்று விரல்களை எடுத்தார்கள். காலையிலிருந்து ஆஸ்பத்திரியிலேயே இருந்திருந்தால் இரண்டோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதை ஞானசிகாமணி நின்று கேட்டுக்கொண்டார். உயிருக்குப் பயமில்லை என்று சொல்லும்வரை அவர் பெஞ்சில் உட்காரவில்லை.

டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மத்தப் பதினாறு வீட்டுக்கும் என்ன சொல்லட்டும் டீச்சர்?"

"சொன்னது போதும். ஞாயித்துக்கிழமையை நம்பி என்னத்தை நிறுத்தி வச்சிருக்கீங்கன்னு ஒவ்வொரு வீட்டிலயும் கேளுங்க. நிறுத்தினதைத் திரும்பத் தொடங்கி வச்சிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்க."

அவர் மனதுக்குள் வீடுகளை எண்ணிப் பார்த்தார். மூன்று நாளில் முடியாது. ஆனாலும் நெஞ்சுக்குள் ஒரு மூலையில் அந்தத் தேதி இன்னும் இருந்தது. அதைக் கேட்கவும் வெட்கமாக இருந்தது.

"நான் பாதி வீட்டில இருக்கும்போது, நெசமாவே அவர் ஞாயித்துக்கிழமை வந்துட்டா?"

"வரட்டும் அண்ணாச்சி. நீங்க எந்த வீட்டில இருக்கீங்கன்னு அவருக்குத் தெரியும்."