ஊசித்துளையில் சிக்கிய மாயாவி

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னே, காக்கையும் கழுகும் ஒரே கிளையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிய காலத்திலே, செம்மலை என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு ராஜாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் நன்மாறன், இளையவள் குமுதவல்லி. நன்மாறனுக்குப் பட்டம் கட்ட நாள் குறித்தாயிற்று. அதற்குள் ஒரு வேட்டை ஆடிவிட்டு வருகிறேன் என்று காட்டுக்குப் போனான் அவன்.

போனவன் திரும்பி வந்தான். அதே முகம், அதே நடை. ஆனால் வழக்கமாகக் குமுதவல்லியின் ஜடையைப் பிடித்து இழுப்பவன், அன்றைக்கு, "தங்கையே, நலமா?" என்று கேட்டான்.

"அண்ணன் என்னைத் தங்கையே என்றா கூப்பிடுவான்?" அவளுக்குச் சுருக்கென்றது.

அவன் வந்த பின்னாலேயே கோட்டை வாசலுக்கு ஒரு கரடியும் வந்தது. உறுமவில்லை, பாயவில்லை. இரண்டு காலில் நின்று கைகூப்பியது! காவலர்கள் அதைப் பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள்.

"பட்டாபிஷேகத்தன்று அதன் தலையை வெட்டுங்கள்!" என்றான் திரும்பி வந்தவன்.

குமுதவல்லி சும்மா இருக்கிறவள் இல்லை. அவனைக் கண்ணால் உற்றுப் பார்த்தாள். அண்ணன்தான். கண்ணாடியில் தெரிந்த அவன் உருவத்தைப் பார்த்தாள். அதிலும் அண்ணன்தான். கடல் கடந்து வந்த வணிகர் ஒருவர் அவளுக்கு ஒரு படப்பெட்டி கொடுத்திருந்தார். முன்னால் கண்ணாடிக் குமிழ், உள்ளே படச்சுருள். அதை எடுத்து வந்து ஒரு படம் பிடித்தாள். படத்திலும் அண்ணனேதான்!

படங்களைக் கழுவும் இருட்டறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். உத்தரத்திலிருந்து ஒரு பல்லி பேசியது.

"இளவரசி, உங்கள் அண்ணன் தனியாக இருக்கும்போது ஒரு பாட்டுப் பாடுகிறார். கேட்கிறீர்களா?"

"சொல்லு, சொல்லு!"

"கண்ணைக் கட்டிவிட்டேன், கண்ணாடியைக் கட்டிவிட்டேன், இனி என்னைக் காண யாருண்டு?"

"ஐயோ! கண்ணை ஏமாற்றி உருமாறி வரும் கண்கட்டி மாயாவி!" என்று துள்ளி எழுந்தாள் குமுதவல்லி. "கண்ணும் கூடாது, கண்ணாடியும் கூடாது. வேறு எதைக் கொண்டு பார்ப்பது?"

அப்போதுதான் எதிர்ச் சுவர் அவள் கண்ணில் பட்டது. கதவில் ஓர் ஆணித்துளை. அதன் வழியே வந்த வெளிச்சம், வெளி முற்றத்தைச் சுவரில் தலைகீழாக வரைந்திருந்தது. தலைகீழாக ஒரு கூண்டு. கூண்டுக்குள் கரடி இல்லை, ஒரு மனிதன்! கழுத்தை வளைத்துப் பார்த்தாள். நன்மாறன்!

அப்பாவிடம் ஓடினாள். "பட்டாபிஷேக வேலை தலைக்குமேல் கிடக்கிறது. இருட்டறையில் என்னம்மா விளையாட்டு?" என்று ராஜா விரட்டிவிட்டார்.

"அப்பா அறைக்கு வரமாட்டார். அறையைச் சபைக்குக் கொண்டுபோக முடியுமா?" யோசித்தாள். "ஏன் முடியாது? படப்பெட்டியும் ஒரு குட்டி இருட்டறைதானே!"

பெட்டியின் கண்ணாடியைத் திருகிக் கழற்றினாள். வெற்றிலைப் பெட்டியிலிருந்து மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றை வெட்டி, இருப்பதிலேயே சன்னமான ஊசியால் நடுவில் துளையிட்டாள். பிசிறு போகத் தேய்த்து, விளக்குக் கரி பூசி, கண்ணாடி இருந்த இடத்தில் பொருத்தினாள். துளைக்குமேல் கறுப்புத் தோலில் ஒரு மூடி. அவ்வளவுதான்!

கூண்டின் முன்னே போய்ப் படம் பிடித்தாள். வெறும் வெள்ளையாக வந்தது. தகட்டின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்திருந்தது. அரக்கை உருக்கி ஓரமெல்லாம் அடைத்தாள். மறுபடி பிடித்தாள். கம்பிக்குப் பின்னால் அண்ணன் கைகூப்பி நின்றான்! கரடியின் மூக்கைத் தடவி, "பயப்படாதே அண்ணா, நான் இருக்கிறேன்" என்றாள்.

பட்டாபிஷேக நாள் விடிந்தது. முற்றத்து வெயிலில் சிம்மாசனத்தைப் போடச் சொன்னாள்.

"அண்ணா, கிரீடம் வைக்கும் முன்னால் ஒரு படம். ஒரு வெற்றிலையை மென்று முடிக்கும் நேரம் அசையக் கூடாது."

"அவ்வளவு நேரமா?" மாயாவி கண்ணை இடுக்கினான். "பெட்டியில் கண்ணாடி சுத்தமாக இருக்கிறதா?"

"இவ்வளவு சுத்தமாக அது எப்போதுமே இருந்ததில்லை!"

மாயாவி மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். அவள் மூடியைத் தூக்கினாள். அவன் அசையவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தது, அப்போதும் அசையவில்லை. மூடியை இறக்கியதும் பெட்டியோடு இருட்டறைக்கு ஓடினாள்.

மேளம் முழங்கியது. ராஜா கிரீடத்தைத் தூக்கினார். கூண்டருகே வெட்டுக்காரன் கோடரியை ஓங்கினான்.

"நிறுத்துங்கள்!"

ஈரம் சொட்டச் சொட்ட ஒரு படமும் முன்பே பிடித்த இன்னொரு படமுமாக ஓடி வந்தாள் குமுதவல்லி. "அப்பா, இது கூண்டில் இருப்பவர். இது சிம்மாசனத்தில் இருப்பவர். பாருங்கள்!"

ராஜா பார்த்தார், மந்திரி பார்த்தார், சபையே எட்டிப் பார்த்தது. ஒன்றில் நன்மாறன். இன்னொன்றில் சொட்டைத் தலையும் கோணல் மூக்குமாக ஒரு கிழவன்!

"கண்ணைக் கட்டினாய், கண்ணாடியைக் கட்டினாய். ஊசித்துளையைக் கட்ட மறந்தாயே, மாயாவி!" என்றாள் குமுதவல்லி.

"அது கண்கட்டி மாயாவி!" என்று சபை ஒரே குரலில் கத்தியது. எல்லாரும் அவனை உள்ளபடி கண்டுகொண்ட அந்தக் கணமே மந்திரக் கட்டு பட்டென்று அவிழ்ந்தது. கரடித்தோல் நன்மாறனை விட்டுப் பறந்து போய் மாயாவியின் மேல் ஒட்டிக்கொண்டது. அவன் நாலு காலில் ஓடி, மதில் தாண்டிக் காட்டுக்குள் மறைந்தான்.

கூண்டிலிருந்து வெளியே வந்த நன்மாறன் முதல் வேலையாகத் தங்கையின் ஜடையைப் பிடித்து இழுத்தான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"என்ன வேண்டும் மகளே, கேள்" என்றார் ராஜா.

"கப்பல் நிறையப் படச்சுருள்!"

அப்படியே வந்தது. நன்மாறன் முடிசூடியபோது அவள்தான் அதே ஊசித்துளைப் பெட்டியில் படம் பிடித்தாள். அசையாதே என்று எத்தனை சொல்லியும், கரடியாக இருந்த நாளில் ஏறிய உண்ணிகளின் கடி புதுராஜாவைச் சும்மா விடுமா? மூடி திறந்திருந்த நேரமெல்லாம் ஒரு கை மடிக்கும் முதுகுக்குமாகச் சொறியப் போய்வந்துகொண்டே இருந்தது, பெட்டி அந்தக் கையை இரண்டு இடத்திலும் பிடித்துவிட்டது. அதனால்தான் செம்மலை அரண்மனையில் மாட்டியிருக்கும் படத்தில் இன்றைக்கும் அந்த ராஜாவுக்கு மூன்று கை!