ஜெர்மனிக்குப் போகும் பஸ்

கரூரில் ஒரு ஓட்டல் ஹால். குழந்தைகள் உடற்பயிற்சி மையத்துக்குக் கிளை எடுக்க இருபது பேர் வந்திருந்தார்கள். மெத்தை உறை தைக்கும் தெய்வானையும் கடைசி வரிசையில் இருந்தாள்.

கம்பெனி மேனேஜர் விக்ராந்த் செலவை அடுக்கிக்கொண்டே போனார். கம்பெனி பெயரைப் போட்டுக்கொள்ள ஐந்து லட்சம். ஏணிக்கும் சறுக்குக்கும் மூன்று. தரையில் விரிக்கும் மெத்தைக்கு மட்டும் நான்கு.

"மெத்தையை நாங்களே தைச்சுக்கலாங்களா?" என்றாள் தெய்வானை.

விக்ராந்த் சிரித்தார். "இது ஜெர்மனி மெத்தைம்மா. இதே மாதிரி ஒண்ணு தைச்சுக் காட்டுங்க, எல்லாருக்கும் மெத்தை இலவசம். ஒரு வாரம் டைம் தர்றேன்."

"வாரமெல்லாம் எதுக்குங்க," என்று அவள் மேடையேறினாள். காட்சிக்கு வைத்திருந்த மெத்தையின் ஜிப்பை இழுத்து, உறையின் உள்பக்கத்தைத் திருப்பினாள். மூலையில் ஊதா நூலில் மூன்று தையல்.

"பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவங்க ஆளுக்கொரு கலர்ல அடையாளம் போடுவோம். ஊதா என்னுது. போன மாசம் தைச்சது, கூலி அறுபது ரூபா."

தன் துணிப்பையையும் திருப்பிக் காட்டினாள். அதே ஊதா, அதே மூன்று தையல்.

"உறை மட்டும்தான் இங்க..." என்று விக்ராந்த் இழுத்தார்.

"ஸ்பாஞ்சு வெங்கமேட்டுல எங்க பக்கத்து ஷெட்டுங்க. மெத்தை இலவசந்தானுங்களே?"

"அக்ரிமெண்ட்ல அப்படியெல்லாம் இல்லை."

"அப்ப அந்த அக்ரிமெண்ட்டை நீங்களே வச்சுக்குங்க."

அவள் இறங்கி நடந்தாள். முன்வரிசைக்காரர் செக்புக்கைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஏம்மா, ஜெர்மனிக்கு எந்த பஸ்ஸு?"

"வெங்கமேடு பஸ்ஸுங்க. வாங்க, நானும் அங்கதான் போறேன்."