ஆட்காட்டி எடுத்த மூன்று கோல்கள்

அந்தக் காலத்தில் கடல் இப்போதைவிடக் கொஞ்சம் கிட்டே இருந்தது. உயிர்கள் எல்லாம் ஒரே பேச்சைப் பேசின. கடற்கரைக்கும் காட்டுக்கும் நடுவே ஒரு புல்வெளி கிடந்தது. மரமில்லாத, மறைவில்லாத, காற்று மட்டும் குடியிருந்த வெளி.

அந்த வெளி யாருக்கு என்பதை ஆண்டுக்கு ஒருமுறை ஓர் ஆட்டத்தில் முடிவு செய்தார்கள். காய்ந்த புன்னைக்காய் ஒன்றைக் காட்டு ஓரத்தில் வைப்பார்கள். வெளியின் மறுகோடியில் கீரியின் வளை. நுனியில் இரும்புத் தலை வைத்த கோலை வாயில் கவ்வி, கழுத்தைச் சுழற்றி, காயை அடித்து அடித்து அந்த வளைக்குள் விழவைக்க வேண்டும். குறைந்த அடிகளில் முடித்தவருக்குப் பங்குனியிலிருந்து மழை இறங்கும்வரை வெளி சொந்தம். இப்போது மனிதர்கள் கோல்ஃப் என்று ஆடுகிறார்களே, ஏறக்குறைய அதுதான்.

ஆண்டுதோறும் ஜெயித்தவர் வெளிமான். கறுத்த முதுகும் முறுக்கிய கொம்புகளும் உள்ளவர். தன்னுடைய ஒன்பது கோல்களையும் கொம்பின் முறுக்குகளில் செருகிக்கொண்டு வருவார். நடக்கும்போது அவை ஒன்றோடொன்று உரசி மெல்லிய மணிகளைப் போல ஒலிக்கும். அவர் ஜெயித்ததும் மந்தை மொத்தமும் வெளியில் பாயும். அது சந்தோஷப் பாய்ச்சல். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் ஆட்காட்டிப் பறவை முட்டையிடுவது அந்தத் தரையில்தான்.

மற்றப் பறவைகள் மரத்தில் கூடு கட்டின. ஆட்காட்டியின் கால் கிளையைப் பிடிக்காது. பின்விரல் பேருக்குத்தான் இருந்தது. எனவே தரையில் ஒரு சின்னப் பள்ளம், அதில் நாலு முட்டை. அந்நாளில் அவை வெள்ளை வெளேரென்று இருக்கும். மூன்று ஆண்டுகள், மந்தை பாய்ந்து போன பிறகு, அவள் நொறுங்கிய ஓடுகளை ஒவ்வொன்றாக அலகில் எடுத்துப் போய்க் கடலில் விட்டுவிட்டு வந்தாள். கடல் அவற்றை நுரை என்றே நினைத்திருக்கும்.

நாலாம் ஆண்டு மாசியில், இனி ஓடு பொறுக்குவதில்லை என்று முடிவு செய்தாள்.

“நானும் ஆடப் போறேன்,” என்றாள் கணவனிடம்.

“கோலைத் தொட்டதே இல்லையே புள்ள நீ.”

“அதான் இப்பவே போறேன். பங்குனிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குல்ல.”

காட்டு ஓரத்து ஆலமரப் பொந்தில் குக்குறுவான் உலை வைத்திருந்தான். பச்சை உடம்பும் சிவந்த நெஞ்சுமாக ஒரு சின்னப் பறவை. அந்தப் பக்கத்தில் கோலுக்கு இரும்புத் தலை அடிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். டொக், டொக், டொக் என்று அவன் சுத்தியல் காடு முழுக்கக் கேட்கும்.

“வா தங்கச்சி. கோல் யாருக்கு?”

“எனக்குத்தாண்ணே.”

சுத்தியல் நின்றது. குக்குறுவான் அவளை அலகிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தான்.

“சரி, உனக்குத்தான்னு வச்சுக்குவோம். எந்த மாதிரி வேணும்?”

“வெளிமான் வச்சிருக்காரே, அதே மாதிரி ஒன்பது.”

முதன்முதலாகக் கோல் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது அதைத்தான். குக்குறுவானுக்கும் அதைக் காட்டத்தான் பிடிக்கும். உள்ளே போய் ஒன்பதையும் கொண்டுவந்து பரப்பினான். தலைகள் பனையோலைபோல மெலிந்து, வெயிலில் பளபளத்தன.

“இதுதான் நம்ம வேலை. காயில படுற முகம் நிமிர்ந்திருக்கிற கோல் காயைத் தாழ்வா, ரொம்ப தூரம் தள்ளும். முகம் சாயச் சாய, காய் உசரமாப் போய்க் கிட்டேயே விழும். கடைசிக் கோல் இருக்கே, மல்லாந்து படுத்த மாதிரி, அது நேரா மேலே தூக்கும்.”

ஆட்காட்டி நிமிர்ந்த கோலைக் கவ்வி, கடை வாசல் மணலில் வைத்த காயை அடித்தாள். காய் முகத்தின் ஓரத்தில் பட்டது. அதிர்ச்சி கோல் வழியே ஏறி, அலகுக்குள் ஓடி, கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அந்த இடத்தில் ரத்தம் கட்டிச் சிவந்துவிட்டது. காயோ இரண்டடி உருண்டு புல்லில் ஒதுங்கியது.

“முகத்துக்கு நடுவுல ஒரு நெல்லு அளவு இடம் இருக்கு,” என்றான் குக்குறுவான். “அதுல படணும். வேற எங்க பட்டாலும் கோல் காயை அடிக்காது, உன்னைத்தான் அடிக்கும்.”

“வெளிமானுக்கு மட்டும் எப்படிப் படுது?”

“அவரு பத்து வருஷமா அடிக்கிறாரு.”

“எனக்கு ஒரு மாசம்தான் இருக்கு,” என்றாள் அவள். மறுபடி கோலைக் கவ்வினாள்.

அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு கோலாலும் பத்துப் பத்து முறை அடித்தாள். காய் விழுந்த இடத்தில் எல்லாம் கால் நகத்தால் மணலில் ஒரு கோடு போட்டாள். கோடுகள் கோழி கிளறிய குப்பைபோல நாலா பக்கமும் சிதறிக் கிடந்தன. பத்தில் ஒரு காய் மட்டும் நெல்லளவு இடத்தில் பட்டு, சத்தமே இல்லாமல் எழுந்து, வானத்தில் ஒரு வளைவு வரைந்துவிட்டுத் தூரத்தில் இறங்கும்.

“பார்த்தியா அந்த ஒன்னை,” என்றான் குக்குறுவான். “கொக்கு பறந்த மாதிரி இல்ல?”

“பார்த்தேண்ணே. மத்த ஒன்பதையும் பார்த்தேன்.”

அவள் கண் உலைக்குப் பக்கத்தில் இருந்த கரிக்குவியலுக்குப் போனது. அதன் பின்னால் சில கோல்கள் சாய்ந்து கிடந்தன.

“அது என்ன?”

“அது ஒன்னுமில்ல. கத்துக்குட்டிங்களுக்குன்னு ஒரு காலத்துல தட்டிப் போட்டது. யாரும் எடுக்க மாட்டாங்க, வெட்கப்பட்டுக்கிட்டு.”

அவள் ஒன்றை இழுத்துப் பார்த்தாள். தலை அகப்பைபோல அகலமாக இருந்தது. முதுகைக் குடைந்து, இரும்பை எல்லாம் ஓரத்துக்குத் தள்ளியிருந்தான். அடிப்பாகம் தடித்து உருண்டிருந்தது. அழகு என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

அதாலும் பத்து முறை அடித்தாள். ஒன்றுகூடக் கொக்குபோலப் பறக்கவில்லை. ஓரத்தில் பட்ட காயும் ஏதோ ஒரு மாதிரி எழுந்து, முன்னால் போய் விழுந்தது. அலகு அதிரவில்லை. மணலில் கோடு போடப் போனபோது, பத்தில் எட்டு ஒரு பாய் விரிக்கிற இடத்துக்குள் கிடந்தன. அவள் அந்த எட்டுக் கோடுகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதுல குடுண்ணே.”

“தங்கச்சி, ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். சிரிப்பு முட்டையை மிதிக்காது.”

“சரி, ஒன்பது எடுத்து வைக்கிறேன்.”

“மூணு போதும். தூரத்துக்கு ஒன்னு, நடுவாந்தரத்துக்கு ஒன்னு, மல்லாந்து படுத்தது ஒன்னு. ஒன்பதையும் பழக எனக்கு நாள் இல்ல. மூணை நல்லாத் தெரிஞ்சுக்கிறேன்.”

குக்குறுவான் பெருமூச்சு விட்டான். ஆனால் வேலைக்காரன் வேலைக்காரன்தான். அவளை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, காலையும் கழுத்தையும் அளந்து, தலை நுனி தூக்காமல் தரையில் படியும்வரை கோலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினான். மான்களுக்குச் செய்வதில் பாதி நீளம்கூட இல்லை.

“இதுக்கு நான் என்னண்ணே தரணும்?”

“ஒன்னும் வேணாம். யார் செஞ்சதுன்னு மட்டும் சொல்லிடாதே.”

அன்றிலிருந்து புல்வெளியில் ஒரே காட்சிதான். ஆட்காட்டி நாலடி ஓடுவாள், நிற்பாள், குனிவாள், அடிப்பாள், நிமிர்ந்து பார்ப்பாள். மறுபடி நாலடி. விடியும்போது ஆரம்பித்தால் அலைக்கு மேல் வெளிச்சம் மங்கும்வரை. கண் முன்னால் கட்டிய சிவப்பு வற்றவே இல்லை. ஒருநாள் காய் கடற்கரை மணலில் புதைந்துவிட்டது. மல்லாந்த கோலால் அடித்தபோது குறி தவறி, காய்க்குப் பின்னால் இருந்த மணலில் பட்டது. மணல் எழுந்தது, மணலோடு காயும் எழுந்து, பூ விழுவதுபோலப் பக்கத்தில் விழுந்தது. அவள் அந்தத் தவறைப் பத்து நாள் வேண்டுமென்றே செய்து பழகினாள்.

முட்டை ஆட்டத்துக்காகக் காத்திருக்காது. பங்குனி பிறக்க நாலு நாள் இருக்கும்போது முதல் முட்டையும், பிறகு நாளுக்கு ஒன்றுமாக மற்றவையும் வந்தன. கீரி வளைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், ஒரு பழைய குளம்படிப் பள்ளத்தில் நாலும் கிடந்தன. கணவன் அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தான்.

பங்குனி முதல் நாள் காலை கடலிலிருந்து பனி ஏறி வந்தது. மந்தை காட்டு ஓரத்தில் வரிசையாக நின்றது. ஜெயித்தவுடன் பாய்வதற்குக் கால்கள் தயாராக இருந்தன. வெளிமான் அவளுடைய கோல்களைப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி, சோறு பரிமாறவா வந்தே?”

மந்தை சிரித்தது. ஆலமரத்தில் குக்குறுவான் இலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

“பரிமாறத்தாண்ணே வந்தேன்,” என்றாள் ஆட்காட்டி. “முதல்ல நீங்க உட்காருங்க.”

வெளிமான் ஆடினார். அன்று காற்று எதிர்த்து வீசியது. முதல் அடியும் இரண்டாம் அடியும் கொக்குகள். மூன்றாவது, நெல்லளவு இடத்தைத் தவறவிட்டு முள்ளுக்குள் போனது. எட்டு அடியில் முடித்தார். வளை வாசலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்த கீரி, “எட்டு. வருஷா வருஷம் என் வீட்டு வாசல்லயே இந்தக் கூத்து,” என்றது. சமமாக முடிந்தால் போன ஆண்டு ஜெயித்தவருக்கே வெளி. ஆக, ஆட்காட்டி ஏழில் முடித்தாக வேண்டும்.

அவள் காய் உயரப் பறக்கவில்லை, தவறவும் இல்லை. நாலடி ஓடினாள், நின்றாள், குனிந்தாள், அடித்தாள். மந்தையின் சிரிப்பு மூன்றாம் அடியில் குறைந்து, ஐந்தாம் அடியில் நின்றுபோனது. ஆறாவது அடித்தபோது காற்று திடீரென்று விழுந்தது. காய் நினைத்ததைவிடத் தூரம் போய், ஒரு கல்லில் பட்டுத் துள்ளி, அவள் கணவனை நோக்கி வந்தது. அவன் பதறி எழுந்தான். காய் நாலு முட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தது.

காய் கிடந்த இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டும். எதையும் நகர்த்தக் கூடாது. அது எல்லாருக்கும் தெரிந்த விதி.

வெளிமான் பக்கத்தில் வந்தார். குரலில் கேலி இல்லை.

“தங்கச்சி, தோத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லு. மந்தையை இந்த நாலு முட்டையைச் சுத்திப் போகச் சொல்றேன்.”

“அந்தப் பக்கம் வானம்பாடி முட்டை இருக்கே?”

“அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?”

“அடுத்த வருஷம் நான் போடுற முட்டை?”

வெளிமான் தலையைத் திருப்பிக்கொண்டார்.

“வேணாம் புள்ள,” என்றான் கணவன். “இந்த நாலையாவது காப்பாத்திக்குவோம்.”

ஆட்காட்டி முட்டைகளைப் பார்த்தாள். பனியில் நனைந்த கணவன் இறகின் ஈரம் பட்டு, நாலும் மினுங்கின. இரண்டு முட்டைக்கு நடுவே ஓர் அகப்பை அகலம் மண் தெரிந்தது. அவ்வளவுதான் இடம்.

“ஏங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்றாள்.

மல்லாந்த கோலை எடுத்தாள். குனிந்தாள். நெடுநேரம் குனிந்தே இருந்தாள். பிறகு கழுத்தைச் சுழற்றினாள். அவள் காயை அடிக்கவில்லை; காய்க்குப் பின்னால் இருந்த மண்ணை அடித்தாள். மெல்லிய கோலாக இருந்திருந்தால் மண்ணில் கத்திபோல இறங்கிச் சிக்கியிருக்கும். இந்தத் தடித்த அடிப்பாகம் வழுக்கிக்கொண்டு போனது. மண் குபீரென்று எழுந்தது. அதன் மேலே புன்னைக்காய் எழுந்தது. மெதுவாக, யாரோ கையில் எடுத்துப் போவதுபோலப் போய் விழுந்து, உருண்டு, வளைக்குள் மறைந்தது.

பிறகு கீரி தலையைத் தடவிக்கொண்டே வெளியே வந்தது.

“என் தலையிலதான் விழுந்துச்சு,” என்றது. “ஏழு.”

ஆட்காட்டி அதைக் கேட்கவில்லை. அவள் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வெள்ளையாக எதுவும் இல்லை. மண்ணும் கூழாங்கல்லும்தான் கிடந்தன.

“போச்சா?” என்றாள். மிக மெல்லக் கேட்டாள். ஓர் அடி முன்னால் வைக்கக் காலைத் தூக்கினாள்.

“காலை வைக்காதே,” என்றான் கணவன். “கீழே பாரு. நல்லாக் குனிஞ்சு பாரு.”

குனிந்தாள். எழுந்த மண் ஈர முட்டைகளின்மேல் பொட்டுப் பொட்டாக விழுந்து, அப்படியே ஒட்டியிருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது, அவள் கால் வைக்க இருந்த இடத்திலேயே இருந்தது. கீறல்கூட இல்லை. பெற்றவளுக்கே அடையாளம் தெரியாமல், தரையோடு தரையாகக் கிடந்தன நாலும்.

வெளிமான் சொன்ன சொல் தவறாதவர். மந்தையைக் கூட்டிக்கொண்டு வெளியின் ஓரத்துக்குப் போய்விட்டார். போகும்போது ஆலமரத்தடியில் நின்று, “அந்த அகப்பைக் கோலு யார் செஞ்சது?” என்று கேட்டார். “நாந்தாண்ணே,” என்று உடனே பதில் வந்தது. கோடை முழுவதும் குக்குறுவானின் டொக், டொக் ஓயவில்லை. இன்னும் ஓயவில்லை.

ஆனால் அன்று அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சப் பேர்தான். பிறகு வந்த ஆடுகளுக்கும் நாய்களுக்கும் மனிதர்களுக்கும் வெளி யாருடையது என்று தெரியாது. வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் கூவிக் கூவிச் சொல்ல வேண்டியிருந்தது. கோல்கள் மூன்றும் உப்புக் காற்றில் துருப்பிடித்து உதிர்ந்தன. கண் முன்னால் கட்டிய சிவப்பு அப்படியே நின்றது. மண் பொட்டு, அவள் மகள்களின் முட்டையிலும் வந்தது. எதிரிக்குத் தெரியாமல் காக்கிற மண், அம்மாவுக்கும் தெரியாமல்தான் காக்கிறது.

ஆட்காட்டி ஏன் நிற்காமல் நடப்பதில்லை என்று கேட்கிறார்கள். அன்று முதல்தான், தன் சொந்த நிலத்திலும் அவள் நாலடி ஓடுகிறாள், நிற்கிறாள், குனிந்து தரையைப் பார்க்கிறாள், அடுத்த அடியை வைக்கலாமா என்று.