வெள்ளிக்கிழமை அணைத்த கணினி

குறைமாதக் குழந்தைகள் வார்டில் ஆறு இன்குபேட்டர்கள். ஆறின் சூட்டையும் ஒரே கணினி கவனித்தது. சூடு குறைந்தால் மணி அடிக்கும். அந்த மென்பொருளை எழுதியவன் கபிலன். அவன் எடுத்துக்கொண்ட கணினி மொழி வெளிவந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதை ஓட்டும் இயக்கியைச் செய்தவர்களே, 'இன்னும் முழுமையாகவில்லை, சோதனைக்கு மட்டும்' என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தார்கள்.

கபிலன் இதை நிர்வாகி வரதனிடம் மறைக்கவில்லை.

"ரெண்டு மாசம் சும்மா ஓட்டிப் பாக்கணும் சார்."

"ஓட்டு. வார்டுலயே ஓட்டு."

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. வெள்ளிதோறும் ஆயா செண்பகம் கணினியை அணைத்து, துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, மறுபடி போடுவாள். அந்தக் கால் மணி நேரம் நர்ஸ் பிலோமினா ஒவ்வொரு குழந்தையின் பாதத்தையும் தொட்டுப் பார்ப்பாள்.

வாராவாரம் அந்தக் கால் மணி நேரச் சூட்டுப் பதிவு விட்டுப்போவது கபிலனுக்குப் பிடிக்கவில்லை. ஒரு வெள்ளி செண்பகம் பொட்டு வைத்து முடித்ததும் கேட்டான்.

"இது என்ன ஆட்டோவா ஆயாம்மா, பொட்டு வைக்க?"

"ஆட்டோவுக்கே வைக்கிறோம் தம்பி. இது பிள்ளைங்களயில்ல பாக்குது."

சிரித்துக்கொண்டே 'அணைக்காதீர்கள்' என்று சீட்டு ஒட்டினான். அடுத்த வெள்ளி அவள் அணைக்காமல் பொட்டு மட்டும் வைத்தாள்.

திங்கள் காலை, பால் எடுத்து வந்த மல்லிகா தன் பதினெட்டு நாள் மகளைத் தொட்டாள்.

"சிஸ்டர், பாப்பா கால் ஜில்லுனு இருக்கு."

"திரையில முப்பத்தாறரை டிகிரி காட்டுதேம்மா."

"அது காட்டட்டும். நீங்க தொட்டுப் பாருங்க."

பிலோமினா தொட்டாள். அந்த இன்குபேட்டர் எப்போதோ பழுதாகிச் சூடு நின்றிருந்தது; மணி அடிக்கவில்லை. திரையின் மூலையில் கடிகாரம் நாலே காலில் உறைந்திருந்தது. அப்போது மணி ஏழு.

குழந்தையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி மல்லிகா கேட்டாள்: "இவ்வளவு நேரம் என் பிள்ளைய யார் பாத்துக்கிட்டிருந்தீங்க?"

எழுதியவன் கபிலன்தான் என்றார் வரதன். முன்பே சொன்னேன் என்றான் கபிலன். திரையில் சரியாகத்தானே இருந்தது என்றாள் பிலோமினா.

இந்த மூவரில் அந்தத் தாய்க்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

விடை: கபிலன். அந்த இயக்கி எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராது; அணைத்துப் போட்டால்தான் அது காலியாகும். ஒன்பது நாளுக்கு மேல் ஓயாமல் ஓடினால் திணறி நின்றுவிடும். வெள்ளிதோறும் அணைத்ததால்தான் அது எட்டு மாதம் தெரியவில்லை. வரதன் அவசரப்பட்டார், பிலோமினா திரையை நம்பினாள், இரண்டும் தவறுதான். ஆனால் அது முழுமையாகாதது என்று படித்தவன் அவன். ஏன் நன்றாக ஓடுகிறது என்று கேட்காமல், ஓடியதையே நம்பிச் சீட்டு ஒட்டியவனும் அவன். குழந்தை பிழைத்துக்கொண்டாள். கணினியும் மறுபடி ஓடுகிறது. மல்லிகா திரையைப் பார்ப்பதில்லை. கையை உள்ளேயே வைத்திருக்கிறாள்.