குயவர் தெருவும் தொள்ளாயிரம் தொட்டில்களும்

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், குவளைப்பட்டணத்தை இளவழுதி என்றொரு ராஜா ஆண்டான். தங்கமான மனசு. ஆனால் நினைத்தது அந்த நிமிஷமே நடக்க வேண்டும்.

ஒருநாள் சபையில், "இருபது வருஷம் கழித்தும் ஊருக்குத் தண்ணீர் போதும்படி குளம் வெட்ட வேண்டும். அப்போது எத்தனை பேர் இருப்பார்கள்?" என்று கேட்டான்.

அரண்மனை ஓலைக்கணக்கைப் பார்க்கும் ஓலைநாயகம் திருவம்பலம் முந்திக்கொண்டார். "தொட்டில்களை எண்ணிவிட்டேன் மகாராஜா! மூவாயிரம் வீட்டில் இந்த வருஷம் மட்டும் தொள்ளாயிரம் குழந்தை. ஊர் மூன்று மடங்காகும், சத்தியம்! குயவர் தெருவை இடித்தால்தான் குளத்துக்கு இடம் போதும்."

சேதி கேட்டு, அந்தத் தெருவின் சூளைக்காரி செங்கமலம் கைமண்ணோடு சபைக்கு ஓடிவந்தாள்.

"சாமி, இடிக்கிறதுக்கு முன்னே அந்தத் தொள்ளாயிரம் குழந்தைக்கும் ஆறு மாசம் கழிச்சுப் பால்சோறு போடுங்க. கிண்ணம் நான் செய்யறேன். முந்நூறு போதும்."

"பானை பிடிக்கிறவளுக்கு எண்ணத் தெரியவில்லை!" என்று சிரித்தார் ஓலைநாயகம்.

"பத்துப் பதினைஞ்சு முன்னே பின்னே இருக்கும் ஐயா. கிண்ணம் அறுநூறு குறைஞ்சா தெருவையே தர்றோம்."

ஆறு மாசம் கழித்து விருந்துக்கு வந்தவை முந்நூற்றுப் பதினொரு குழந்தைகள். பதினொன்றுக்குப் பானை மூடியில் பரிமாறினாள்.

"மற்றவை எங்கே?" ராஜா திகைத்தான்.

"அப்பன் ஊருக்குப் போயாச்சு சாமி. இங்கே பிறக்கிற குழந்தைக்கெல்லாம் ஒரு குடம் நெய்னு போன வருஷம் அறிவிச்சீங்களே! வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பொண்ணுங்க மூணாம் பிரசவத்துக்கும் அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க. நம்ம மருமகளுங்க தாய்வீட்டுக்கே போகலை. எப்பவும் வருஷத்துக்கு முந்நூறு வீட்டுக்காரங்கதான் குழந்தைக்குக் கஞ்சிச் சட்டி வாங்குவாங்க."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். "என் நெய்தானா ஊரைப் பெருக்கியது! சரி, உன் கணக்கு என்ன?"

"பொங்கலுக்கு வீட்டுக்கொரு புதுப்பானை எங்க தெருவில்தான் வாங்கறாங்க. வருஷத்துக்கு முப்பது பானை கூடுது. இருபது வருஷத்தில் அறுநூறு வீடு கூடலாம். உறுதியாச் சொல்ல முடியாது சாமி. குளத்தை ஊருக்குக் கிழக்கே தரிசு நிலத்தில் வெட்டி, பின்னால் அகலப்படுத்தவும் இடம் விட்டுவையுங்க."

"குளம் அங்கேயே வெட்டட்டும்" என்று சொல்லி ராஜா திரும்பினான். "ஓலைநாயகமே, இவள் பதினொன்று தவறினாள், தவறலாம் என்று முன்பே சொன்னாள். நீர் ஐந்நூற்று எண்பத்தொன்பது தவறினீர், சத்தியம் செய்தீர். இனி பொங்கல்தோறும் இவளோடு உட்கார்ந்து பானை எண்ணும். வரும் பொங்கலுக்கு எத்தனை கூடும்?"

"சத்தியமாய்..." என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்:

"முப்பது கூடலாம் மகாராஜா... முன்னே பின்னே இருக்கும்."

"உட்காருங்க ஐயா, சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்று செங்கமலம் அவருக்கும் பால்சோறு வைத்தாள்.