சடைச்சியோட வெங்காயப் பாத்தி

இதுல ஒரு சொல்லு பொய்யின்னாலும் என் மீசைய ஒரு பக்கம் மட்டும் சிரைச்சுக்கிட்டு சந்தையச் சுத்தி வர்றேன். அம்புட்டும் நெசம்.

ரொம்ப காலத்துக்கு முந்தி ஆனைமேட்டுச் சீமைய சூரகண்டன்னு ஒரு ராசா ஆண்டாரு. அவரு நாக்கு கேக்குறதுதான் சட்டம். அந்த வருசம் நாக்கு கேட்டது வெங்காயத்தாள்.

அரண்மனைத் தோட்டத்து அதிகாரி ஏகாம்பரம். மண்ணத் தொட்டா கை அழுக்காயிடும்னு பயப்படுற தோட்டக்காரன்! ஊர்க்கோடியில சடைச்சின்னு ஒருத்தி. புருசன் இல்ல, ரெண்டு புள்ளைங்க. கொல்லையில இருந்த ஒத்த வெங்காயப் பாத்திதான் அவங்களுக்குக் கஞ்சி ஊத்துச்சு. ஏகாம்பரம் அவள மிரட்டி தாள வாங்கிட்டுப் போயி, "ஊர்க்கோடிக் கொல்லையில நானே நட்டது மகாராசா"ன்னு நீட்டுனான். ராசாவும் மயங்கி, "அந்தக் கொல்லையே உனக்கு"ன்னு ஓலை எழுதிட்டாரு. விசாரிச்சாரா மனுசன்? எனக்கு இப்பவும் வயிறு எரியுது!

சடைச்சி நேரா சபைக்கே வந்துட்டா. "சாமி, நட்டவ நானு, சாப்பிட்டது நீங்க. நடுவுல இந்த ஆளு யாரு?"

"திமிரப் பாத்தீங்களா மகாராசா!"ன்னு குதிச்சான் ஏகாம்பரம். "மூணு மாசமா ஒம்போது கட்டு கொடுத்திருக்கேன். எல்லாம் அந்த ஒத்தப் பாத்தியில, என் கையால எடுத்தது!"

"அப்படியா? வந்து இன்னொரு கட்டு எடுத்துக் காட்டுங்க"ன்னா சடைச்சி.

சபையே கொல்லைக்குப் போச்சு. ஏகாம்பரம் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, அந்த ஒரு கட்டுக்கே பாதிப் பாத்திய வேரோட பிடுங்கிப் போட்டான். சடைச்சி பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னா.

"சரி அய்யா, பத்து நாள் கழிச்சு இதே இடத்துல அடுத்த கட்டு தருவீங்களா?"

அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். "கிறுக்கச்சி! பிடுங்குன இடத்துல மறுபடி எப்படிடீ முளைக்கும்?"

"அப்ப ஒத்தப் பாத்தியில ஒம்போது கட்டு எப்படிய்யா முளைச்சுது?"

ஏகாம்பரம் மெல்ல ராசாவோட பல்லக்குக்குப் பின்னால நகந்தான்.

சடைச்சி அருவாள எடுத்தா. வேருக்கு மேல ரெண்டு விரல் உசரம் விட்டு தாள மட்டும் அறுத்தா. "இப்படி அறுத்தா திரும்பத் திரும்பத் தழைக்கும் சாமி. நட்டவளுக்குத் தெரியும். திருடுனவனுக்கும் தெரியாது, கேக்காம எழுதிக் கொடுத்தவருக்கும் தெரியாது."

ராசா மூஞ்சி தொங்கிப் போச்சு. ஓலையக் கிழிச்சாரு. "தாயி, இனி அரண்மனைத் தோட்டத்துக்கும் நீதான் அதிகாரி. சொல்லு, இவன என்ன பண்ணலாம்?"

"பிடுங்குனத ஒண்ணு விடாம நடட்டும் சாமி. தண்ணியும் அவரே ஊத்தட்டும்."

பட்டு வேட்டியோட சேத்துல முட்டி போட்டான் ஏகாம்பரம்.

என்ன, நைசா எந்திரிக்கிறீங்க? கதை சொன்ன கூலி ஆளுக்கு ஒரு கட்டு வெங்காயத்தாள், எடுத்து வைங்க. வேரோட பிடுங்கிட்டு வந்தீங்க, சடைச்சியக் கூப்பிட்டுருவேன்!