தலையைக் கட்டிக்கொண்டு கேட்ட கச்சேரி

முன்னொரு காலத்தில் கார்மலை நாட்டை உச்சிதவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டு வந்தான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். காலையில் பாட்டு, மாலையில் பாட்டு, நடுவில் தூக்கம் என்று அவன் பொழுது போனது. நாட்டைக் கவனித்துக்கொண்டவர் மந்திரி செஞ்சடையப்பர். அவருக்கும் பாட்டு என்றால் உயிர்தான்.

அந்த நாட்டின் பெரிய பாடகர் கானமேகம் சித்ரசேனர். வாயைத் திறந்தால் தேன் கொட்டும். ஆனால் பாடாத நேரத்திலும் அந்த வாய் திறக்குமே, அதுதான் தொல்லை. சபையைக் காக்க வைப்பார். தம்புரா மீட்டுகிறவரைக் கண்டபடி திட்டுவார். வெற்றிலைச் சாற்றை முன்வரிசைக்காரர் வேட்டி மேல் துப்புவார். ரசிகர்களோ, "மேதை என்றால் அப்படித்தான்" என்று அந்த வேட்டியைத் துவைக்காமல் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள்.

ஒரு நாள் மிருதங்கக்காரர் ஆவுடையப்பன் தனி ஆவர்த்தனம் வாசித்த வாசிப்பில் சபையே எழுந்து நின்று சபாஷ் போட்டது. என் கச்சேரியில் இன்னொருவனுக்குச் சபாஷா? சித்ரசேனர் பக்கத்திலிருந்த வெள்ளிச் சொம்பைத் தூக்கி எறிந்தார். அது நேராகப் போய் ஆவுடையப்பன் நெற்றியில் 'ணங்' என்றது.

"மன்னா! வசந்த விழாவுக்கு வேறு ஆள் இல்லை, அதனால் வாசித்துத் தொலையட்டும். மறுநாள் இவன் இந்த நாட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் நான் இருக்க மாட்டேன்!" என்று கத்திவிட்டுப் போனார் பாடகர்.

அன்று மந்திரிக்குச் சோறு இறங்கவில்லை. கோபம் கோபமாக வந்தது. ஆனால் கை கழுவப் போகும்போது வாய் தானாக அந்த மனிதர் பாடிய ராகத்தை முணுமுணுத்தது. அதில் தன் மேலேயே இன்னொரு கோபம் வந்தது அவருக்கு.

மறுநாள் சபை கூடியது. மந்திரி பதவி மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்த மார்த்தாண்டர் முந்திக்கொண்டார். "மன்னா, பாட்டு வேறு, பாடுகிறவர் வேறு என்று பிரிக்கலாமா? பாட்டை ரசிக்கிறவன் திட்டையும் சொம்படியையும் ரசிக்கத்தான் வேண்டும். ஆவுடையப்பனை நாடு கடத்துங்கள். அவனுக்காக மந்திரி பரிந்து பேசினால், அவருக்கு ரசனையே கிடையாது!"

"ஆகா, என்ன ஞானம்!" என்று ராஜா தொடையில் தட்டினான்.

மந்திரி எழுந்து கும்பிட்டார். "மார்த்தாண்டர் சொன்னதை அப்படியே சட்டமாக்குங்கள் மன்னா. பாட்டுக்கு இத்தனை வருஷம் சபாஷ் போட்டாயிற்று. திட்டும் துப்பலும் பாவம், ஒரு சபாஷ்கூட வாங்காமல் கிடக்கின்றன. விழாக் கச்சேரி முழுக்கச் சபையின் சபாஷ் அவற்றுக்கே போகட்டும். பாட்டுக்கு, மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற ஒரு தலையும் அசையக் கூடாது."

"அசைந்தால் கழுதை மேல் ஊர்வலம்!" என்று ராஜா குதித்தான். அவனுக்குப் புதுசாக எது கிடைத்தாலும் கொண்டாட்டம்தான்.

"கச்சேரி முடிவதற்குள் சித்ரசேனரே ஆவுடையப்பனை இருக்கச் சொல்வார். சொல்லாவிட்டால் ஆவுடையப்பனோடு நானும் நாட்டை விட்டுப் போகிறேன்" என்றார் மந்திரி. சித்ரசேனர் குரலைக் கேட்காமல் வேறு நாட்டில் எப்படி இருப்பது என்ற கவலையும் அவரை விடவில்லை.

விழா மாலை. புதுச் சட்டம் பற்றி எதுவும் தெரியாத சித்ரசேனர் வழக்கம்போலத் தாமதமாக வந்தார். "சபாஷ்!" என்றது சபை. பூரித்துப் போனார். தம்புராக்காரரைப் பார்த்து, "மாட்டுக்குப் பிறந்தவனே!" என்றார். "பலே! பலே!" மார்த்தாண்டரின் பட்டு வேட்டியில் பளிச்சென்று துப்பினார். "பிரமாதம்! இன்னொரு தரம்!" என்று ராஜாவே கேட்டான். அவரும் துப்பினார். மார்த்தாண்டர் சிரிக்கவேண்டியிருந்தது.

அப்புறம் பாட்டு தொடங்கியது. சபையில் மூச்சில்லை.

மூச்சில்லையே தவிர, பட்ட பாடு கொஞ்சமா! ராஜா கிரீடத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தான். ராணி முந்தானையைக் கடித்தாள். சேனாதிபதியும் பொக்கிஷக்காரரும் ஒருவர் தாடையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மந்திரி தலைப்பாகையின் முனையைத் தூணோடு கட்டியிருந்தார். கண்ணீர் மட்டும் கட்டுப்படாமல் வழிந்தது.

சித்ரசேனர் கீழே பார்த்தார். எல்லாம் பொம்மைத் தலைகள். மேல் ஸ்தாயிக்குப் போனார், உருகினார், குழைந்தார். ஒன்றும் நடக்கவில்லை. "அடப் பாவிகளா, நன்றாக இல்லையா? யாராவது ஒருவர் தலையாட்டக் கூடாதா?" என்று அழாத குறையாகக் கேட்டார்.

மந்திரி சொன்னார்: "பக்கத்தில் பாரும் ஐயா."

திரும்பினார். ஒரே ஒரு தலை ஆடிக்கொண்டிருந்தது. நெற்றியில் பெரிய கட்டு. மேடையில் இருந்ததால் சட்டம் அவரைத் தொடவில்லை. ஆவுடையப்பன் கண்ணை மூடி, அடி பட்டதையும் நாளை நாடு விட்டுப் போவதையும் மறந்து, அந்தப் பாட்டில் கரைந்து வாசித்துக்கொண்டிருந்தார்.

சித்ரசேனருக்கு மேலே பாட வரவில்லை. எழுந்து போய் அவர் காலைத் தொட்டார். "நான் சொம்பால் அடித்த தலையா எனக்கு ஆடுகிறது? மன்னா, இவர் போனால் நானும் போய்விடுவேன். தம்புராக்காரரே, நீரும் என்னை மன்னிக்க வேண்டும்!"

அதுவரை கேட்ட பாட்டை அடக்கிவைக்க முடியாமல் மார்த்தாண்டர், "அடடா!" என்று தலையை ஆட்டிவிட்டார்.

"கழுதை!" என்று கத்தினான் ராஜா. மார்த்தாண்டர் அந்தத் துப்பல் வேட்டியோடு ஊர்வலம் போனார். மந்திரிக்கு ராஜா தன் முத்துமாலையைப் போட்டுவிட்டு, "இனி இந்தச் சபையில் முதல் சபாஷ் ஆவுடையப்பனுடையது. அவர் சொல்லாமல் யாரும் சொல்லக் கூடாது" என்றான்.

சித்ரசேனர் மறுபடி பாடினார். அப்படி ஒரு பாட்டை அந்த ஊர் கேட்டதில்லை. முடித்துவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளைபோல ஆவுடையப்பன் முகத்தையே பார்த்தார். சபையும் பார்த்தது. ஆவுடையப்பன் அவசரப்படவில்லை. நெற்றி வீக்கத்தை மெல்லத் தடவினார். சொம்பு எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சபாஷ்" என்றார்.

மண்டபமே அதிர்ந்தது. எல்லோரையும் முந்திக்கொண்டு துள்ளி எழுந்தவர் செஞ்சடையப்பர்தான். தலைப்பாகை மட்டும் தூணிலேயே தொங்கியது. மொட்டைத் தலையை அவர் ஆசை தீர ஆட்டினார்.